அண்ணாச்சியின் கும்பிடு

எங்கள் ராமசுப்பு அண்ணாச்சிக்கு,

உங்கள் காரியங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. உரக்கடையைத் திறந்துவிட்டார்கள், உங்கள் மூத்த மருமகன் உட்காருகிறார். ஐப்பசி மழை ஒருவழியாகப் பெய்து கரிசல் நனைந்ததில் பருத்தி விதை கேட்டு ஆள் வந்தபடி இருக்கிறது. ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கல்லாவுக்குப் பின்னால் உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, விதையைக் கேட்க மறந்து நிற்கிறார்கள்.

இதெல்லாம் நீங்கள் விரும்பிக் கேட்கிற செய்திகள். விரும்பாத செய்தி ஒன்றும் இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஊர் படிக்கும்படி ஏன் எழுதுகிறேன் என்பது முடிவில் விளங்கும்.

நீங்கள் எப்படி இறந்தீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தோம், அண்ணாச்சி. மார்க்கெட் ரோட்டில் டவுன் பஸ் மோதியது, டிரைவர் கண்மண் தெரியாமல் ஓட்டினான். ஊர் அப்படித்தான் பேசியது. நம் கிளப்பே ஊர்வலமாகப் போய், அந்த டிரைவர் மேல் கடும் நடவடிக்கை வேண்டும் என்று மனுக் கொடுத்தது. பத்திரிகை நிருபராக இத்தனை வருஷம் எத்தனையோ விபத்துகளை எழுதியவன் நான். இந்த ஒரு விபத்தின் உண்மை, உங்கள் இரங்கல் கூட்டத்தில், எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது வெளியே வந்தது.

நம் சேவைக் கிளப்பை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கடை வைத்திருப்பவர்கள், பருத்தி வியாபாரிகள், ஒரு வக்கீல், ஒரு நிருபர், இப்படிச் சேர்ந்த கூட்டம் அது. கோடையில் பஸ் ஸ்டாண்டில் தண்ணீர்ப் பந்தல், பள்ளிக்கூடம் திறக்கும்போது பிள்ளைகளுக்குச் சிலேட்டு, தை அறுப்பு முடிந்ததும் கண் முகாம். முகாம்தான் நமக்குத் திருவிழா. மாட்டு வண்டிகளில் வந்து இறங்குவார்கள். ஆபரேஷன் முடிந்து பள்ளிக்கூட வகுப்பறையில் பாய் விரித்து, கண்ணில் பச்சைத் துணி கட்டி வரிசையாகப் படுத்திருப்பார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊட்டுவதும் கைபிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப்போவதும் நம் வேலை. அதற்கு ஆள் வைக்கக் கூடாது என்பது தலைவரான உங்கள் கட்டளை.

இன்னொரு கட்டளையும் போட்டீர்கள். முதல் முகாமில் நம் உறுப்பினர் ஒருவர் தன் மாமனாரை வரிசைக்கு முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தார். பொழுது சாய்ந்துவிட்டது என்று கடைசியில் நின்ற ஒரு கிழவி பார்க்கப்படாமலே திரும்பிப் போனாள். அன்று உங்களுக்கு வந்த கோபத்தை நான் மறக்கவில்லை. “டாக்டர் முன்னால கெடக்க நாற்காலி ஊர்க்காரனுக்கு. கிளப்புக்காரனோ அவன் வீட்டு ஆளோ அதுல உக்காரப்படாது. உக்காந்தா நானே எந்திரிக்கச் சொல்லிருவேன்” என்றீர்கள். அன்று முதல் அந்த நாற்காலியில் நம்மில் ஒருவரும் உட்காரவில்லை. அதை நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தோம்.

மூன்றாவது வழக்கம் உங்கள் கட்டளை அல்ல, நம் விளையாட்டு. வாரக் கூட்டத்தில் யாராவது தப்புச் செய்திருந்தால் தண்டனை. அடுத்த வாரம் எல்லோருக்கும் கடலைமிட்டாய் வாங்கிவர வேண்டும். தண்டனை விதிப்பவர் வக்கீல் வேலாயுதம். கோர்ட்டில் பேச முடியாத கேலியெல்லாம் அவர் இங்கே பேசுவார்.

கடைசி இரண்டு மூன்று வருஷங்களாகத் தண்டனை முழுக்க உங்களுக்குத்தானே விழுந்தது?

ஸ்டேஷன் ரோட்டில் வக்கீல் வீட்டு அம்மாளைப் பார்த்தும் பார்க்காமல் போனதற்கு ஒன்று. “தலைவரானதும் ஆளு தெரியல பாத்தியளா? எம்வீட்டுக்காரி கும்புட்ட கைய இறக்காம நிக்கா.” நாற்காலிக் காலில் இடறிக் காபி டம்ளரைத் தட்டிவிட்டதற்கு ஒன்று. சைக்கிளைக் கடையிலேயே போட்டுவிட்டு நடந்து வந்ததற்கு ஒன்று. “உரக்கடை முதலாளிக்கு டயரு தேஞ்சிரும்னு கவலை.” எப்போதும் மேஜையின் இடது கோடியில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்ததற்கு ஒன்று. “முதல்ல எந்திரிச்சு ஓடுததுக்கு அண்ணாச்சி வாசப்பக்கமா இடம் பிடிச்சிருக்காவ.”

“போடும்யா வக்கீலே, இன்னொண்ணு போடும். மிட்டாய்க் கடைக்காரன் பிழைச்சுப் போவட்டும்” என்று நீங்களும் சிரித்தீர்கள்.

ஆனால் ஆளைப் பார்த்தும் பார்க்காமல் போகிறவர் என்ற பேச்சு மட்டும் உங்களைத் தைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு தெருவில் நடக்கும்போதெல்லாம் கும்பிட்டுக்கொண்டே நடக்க ஆரம்பித்தீர்கள். துணிப்பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்து, சிரித்த முகமாக, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று. ஒருநாள் மார்க்கெட் முனையில் இருந்த கரண்ட் கம்பத்துக்கும் ஒரு கும்பிடு போட்டீர்கள். அதையும் வக்கீல் பார்த்துவிட்டார். அந்த வாரக் கூட்டத்தில் சிரித்ததுபோல நாம் என்றும் சிரித்ததில்லை.

அதுதான் உங்களுக்கு விழுந்த கடைசித் தண்டனை. அந்தத் தண்டனைக்கு மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் பஸ் மோதியது.

இரங்கல் கூட்டத்தில் வக்கீல்தான் முதலில் பேசினார். அழுகையாக ஆரம்பித்து, உங்கள் தண்டனைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரிப்பாக முடித்தார். கரண்ட் கம்பம் வந்ததும் எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தோம். மதுரையிலிருந்து வந்திருந்த நம் முகாம் டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

“இதெல்லாம் எவ்வளவு காலமா?” என்று கேட்டார்.

யாருக்கும் கேள்வி புரியவில்லை. அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்தப் பக்கத்து நாற்காலி? டம்ளர் எந்தப் பக்கம் இருந்தது? வக்கீல் வீட்டு அம்மா எந்தப் பக்கம் நின்றார்கள்? எல்லாவற்றுக்கும் இடது பக்கம் என்றே பதில் வந்தது. இரண்டு மூன்று பதிலுக்குப் பிறகு வக்கீலின் குரல் இறங்கிவிட்டது.

“கண்ணுக்குள்ள அழுத்தம் கூடுற வியாதி ஒண்ணு இருக்கு. வலிக்காது. நேரா இருக்கறது நல்லாத் தெரியும், பேப்பர் படிக்கலாம், ஊசி கோக்கலாம். பக்கவாட்டுல இருந்து இருட்டிக்கிட்டே வரும். வந்தவருக்கே தெரியாது, தெரியும்போது பாதி போயிருக்கும்” என்றார் டாக்டர். பிறகு சொன்னார்: “போன முகாம்ல சாப்பிடும்போது என்கிட்ட கேட்டார். ஒருத்தருக்கு சைடு பார்வை மங்குது, கண்ணாடி போட்டா சரியாகுமான்னு. அந்த ஆளைக் கூட்டிட்டு வாங்கன்னேன். கூட்டிட்டு வாரேன்னார்.”

நான் குறிப்பெடுக்கும் பேனாவை மூடி வைத்தேன். சுற்றுப்பட்டிக் கிழவன் கிழவிகளுக்கெல்லாம் பார்வை வாங்கிக் கொடுத்த கிளப் இது. தன் தலைவரின் கண் அவிந்துகொண்டிருந்ததை மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து பார்த்து, அதற்குத் தண்டனை போட்டு, மிட்டாயும் தின்றிருக்கிறது.

அண்ணாச்சி, அந்த ஒருத்தர் நீங்கள்தான் என்று ஏன் சொல்லவில்லை? டாக்டருக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு இலைதானே இருந்தது?

மறுநாள் உங்கள் வீட்டுக்குப் போய் மதினியைப் பார்த்தேன். டாக்டர் சொன்னதைச் சொன்னதும் அவர்கள் முகத்தில் அதிர்ச்சி தெரியவில்லை. அதுவே எனக்கு இரண்டாவது அடி.

“சோத்துத் தட்டுக்கு இடப்பக்கம் தண்ணிச் செம்ப வச்சா தட்டி விட்டுருவாவ” என்றார்கள். “பெறகு நான் வலப்பக்கம் வைக்க ஆரம்பிச்சேன். அவிய ஏன்னு கேக்கல, நானும் சொல்லல. டாக்டரப் பாப்பமான்னு ஒருநாக் கேட்டேன். நம்ம டாக்டர்ட்ட போனா துட்டு வாங்க மாட்டாரு, அது முகாம் நாற்காலியில உக்காந்த கணக்குத்தான்னாவ. வேற டாக்டர்ட்ட போவோம்னேன். தை முகாம் முடியட்டும்னாவ. எந்தத் தைன்னு சொல்லல.”

அப்புறம் உள்ளே போய் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்தார்கள். போலீஸ்காரர்கள் திருப்பிக் கொடுத்த பை. “இது கிளப்புக்கு வாங்குனது. நீங்க கொண்டு போயிருங்க, தம்பி. வீட்டுல வச்சுக்கிட்டு நான் என்ன செய்யுதது?”

அந்தப் பையோடு நேரே வக்கீலிடம் போனேன். டிரைவரைப் பார்த்தாக வேண்டும் என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

டிரைவர் பெயர் பேச்சிமுத்து. ஊர்க் கடைசியில் ஓட்டு வீடு. லைசென்சை வாங்கி வைத்துவிட்டார்கள், வேலை போய்விட்டது, வழக்கு நிற்கிறது. அவர் மனைவி வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கை நின்றது. “மனுக் குடுத்தவிய வந்திருக்காவ” என்று உள்ளே பார்த்துச் சொன்னார். வாங்க என்று சொல்லவில்லை.

பேச்சிமுத்துவின் நெற்றியில் அன்று ஜனங்கள் அடித்த காயம் இன்னும் ஆறவில்லை. வக்கீலைப் பார்த்துத்தான் பேசினார்.

“நான் வேகமா வரல சார். மார்க்கெட் ரோட்டுல எவனால வேகமா வர முடியும்? ஆரன் அடிச்சேன். பின்னால லாரிக்காரனும் அடிச்சான். அண்ணாச்சி பாதி ரோடு தாண்டி வந்துட்டாவ. எம் பக்கமா லேசாத் திரும்பிச் சிரிச்ச மொகமாக் கும்பிட்டாவ. எனக்குத்தான் கும்பிடுதாவன்னு நெனச்சேன். எங்க அம்மைக்கு உங்க முகாம்லதான் கண்ணு ஆபரேஷன், அண்ணாச்சிதான் கஞ்சி ஊட்டுனாவ. அந்தப் பழக்கத்துல கும்பிடுதாவ, நம்மளப் பாத்துட்டாவ, நின்னுக்கிடுவாவன்னு வந்தேன். அவிய நிக்கல சார். கும்பிட்ட கையோட நடந்து வந்தாவ.”

“இத ஏம்ல போலீஸ்ல சொல்லல?” என்றார் வக்கீல்.

“சொன்னேன் சார். கும்பிட்ட ஆளு மேலயா ஏத்துனன்னு அதுக்கும் ரெண்டு அடி குடுத்தாவ.”

வக்கீல் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். குச்சி அடுக்கும் சட்டத்தை அந்த அம்மாள் கொஞ்சம் நகர்த்தி இடம் கொடுத்தார். அந்தக் கும்பிடு எப்படி உண்டானது என்பது அங்கே எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அதைப் பேச்சிமுத்துவிடம் எப்படிச் சொல்வது? வக்கீல்தான் சொன்னார். தண்டனை, மிட்டாய், கரண்ட் கம்பம், எல்லாவற்றையும். அவர் அவ்வளவு தணிந்து பேசி நான் கேட்டதில்லை. பேச்சிமுத்து கேட்டு முடித்துவிட்டு, “அப்பம் என்னையப் பாக்கவே இல்லையா?” என்று மட்டும் கேட்டார். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை போலிருந்தது.

அந்த வாரக் கூட்டத்தில் சண்டை. மனுவைத் திரும்பப் பெற வேண்டும், கோர்ட்டில் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றார் வக்கீல். பேச்சிமுத்துவுக்காகத் தானே ஆஜராவதாகவும் சொன்னார். ஒருவர் எழுந்தார். “செத்த மனுசனக் கோர்ட்டுல ஏத்திக் குருடன்னு சொல்லப் போறியளா? கண் முகாம் நடத்துன தலைவருக்கே கண் தெரியலன்னா ஊரு சிரிக்குமே. தைக்கு எவன் வருவான் நம்ம முகாமுக்கு?” அவர் சொன்னதில் அன்பும் இருந்தது, அண்ணாச்சி. உங்கள் பெயருக்குக் காவல் நிற்பதாகத்தான் அவர் நினைத்தார். பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

முடிவை மதினியிடம் விட்டோம். அவர்கள் யோசிக்கவே இல்லை. “அந்த டிரைவர் பொண்டாட்டி இங்கன வந்தா. உள்ள வரல, வாசல் முத்தத்துலயே நின்னா. எம்புருசன் வேணும்னு செய்யலன்னு சொல்லி அழுதா. அவிய இருந்தா அவளுக்குப் பதில் சொல்லாம இருப்பாவளா? எழுதுங்க தம்பி. பேர் போட்டே எழுதுங்க” என்றார்கள்.

அதனால்தான் இது ஊர் படிக்கிற கடிதமாயிற்று. உங்கள் கண்ணைப் பற்றி ஊருக்குச் சொல்லிவிட்டேன். நீங்கள் மறைத்ததை நான் சொன்னதற்குக் கோபப்படுவீர்களா? நாற்காலியில் உட்கார்ந்தவரை எழுப்பிவிட்டதுபோல என்னையும் எழுப்பிவிடுவீர்களா?

துணிப்பை கிளப் மேஜையில், இடது கோடியில், உங்கள் இடத்தில் இருக்கிறது. யாரும் பிரிக்கவில்லை. தண்டனை வழக்கத்தையே எடுத்துவிடலாம் என்று வக்கீல் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். இனி எவனாவது இடறினால் முதலில் ஏன் என்று கேட்போம், தண்டனை அப்புறம்.

மற்றவை என் வாக்கு. வழக்கு வரும் நாளில் சாட்சிக் கூண்டில் ஏறி, அந்தக் கும்பிடு பேச்சிமுத்துவுக்குப் போட்டது அல்ல, எங்களுக்குப் பயந்து போட்டது என்று சொல்வேன். தை முகாமுக்கு முந்தின நாள், ஊர்க்காரர் ஒருவர் இடத்தையும் எடுக்காமல், கிளப்புக்காரர்கள் ஒவ்வொருவரையும் டாக்டர் முன்னால் இருக்கும் அந்த நாற்காலியில் உட்காரவைப்பேன். முதல் ஆளாக நான் உட்காருகிறேன். இந்த ஒரு கட்டளையை மட்டும் மீறுகிறேன், அண்ணாச்சி.

இத்தனை வருஷமும் உங்கள் இடது பக்கமாகவே நடந்து வந்த தம்பி,
சங்கரலிங்கம்