காற்றின் கண்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு நலம். நீயும் அண்ணியும் நலம்தானே? அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்க இடம் பேசிவிட்டதாக எழுதியிருந்தாய். படித்ததும் வந்த கோபத்தில் பதில் எழுதாமல் இருந்தேன். இப்போது ஒரு நல்ல செய்தி இருக்கிறது, முழுவதும் படி.

எங்கள் அகராதி அலுவலகத்தில் இந்த வாரம் என் தலையில் விழுந்த ஆங்கிலச் சொல் ‘விண்டோ’. ஜன்னல் என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே என்பாய். அதன் பூர்வீகம் தெரியுமா? வட ஐரோப்பாவின் பழைய மொழி ஒன்றில் காற்றையும் கண்ணையும் சேர்த்துச் செய்த சொல் அது. நம் முன்னோர் காற்று வரும் வழி என்று காலதர் என்றார்கள். பலகணி என்றும் சொன்னார்கள், அதிலும் கண் இருக்கிறது. அவர்களுக்கும் நமக்கும் ஒரே புத்தி! நாம் வாய் நிறையச் சொல்லும் ஜன்னல்தான் போர்த்துக்கீசியரோடு கப்பலேறி வந்த விருந்தாளி. விண்டோவுக்கு டிக்கெட் கொடுக்கும் இடம், கணினித் திரையில் திறக்கும் கட்டம் என்று கிளை அர்த்தங்கள் வேறு.

வம்பு அதில் இல்லை. எடுத்துக்காட்டு வாக்கியத்தை நாங்களாக இட்டுக்கட்டக் கூடாது, யாராவது உண்மையில் பேசியிருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசிரியரின் சட்டம். நான் கொண்டுபோனதையெல்லாம் மோந்து பார்த்தே, "இது நீயே சமைச்சதும்மா" என்று தள்ளிவிட்டார்.

நேற்று மாலை அப்பாவின் அறையில் உட்கார்ந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது உனக்குத் தெரியும். மழை தூறுகிறதா என்று பார்க்க ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டினேன். பின்னாலிருந்து, "ஜன்னல்ல... கைய... நீட்டாதம்மா" என்று ஒரு குரல். பஸ் கண்டக்டராக அப்பா ஆயுள் முழுக்கக் கத்திய வாக்கியம்! நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவரோ, கையை உள்ளே இழுக்கும்வரை என்னை முறைத்துக்கொண்டே இருந்தார்.

பழகிய பேச்சுதான் முதலில் வரும், மற்றது மெல்ல வரும், வீட்டு ஆட்களின் குரல் காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். ஆசிரியரும் அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு, "இத யாரு சொன்னது? நல்லா இருக்கே" என்றார். என் அப்பா என்று சொன்னபோது எனக்கு வந்த பெருமை சொல்லி மாளாது.

அதனால் இல்லத்துக்காரர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. உன்னைக் குறை சொல்லவில்லை. தூரத்தில் இருப்பவனுக்குப் பயம் அதிகம் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, அப்பா காதில் வைக்கிறேன். சத்தமே இல்லை, லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. காலையிலிருந்து உன் பெயரின் முதல் எழுத்தைத்தான் வாயில் உருட்டிக்கொண்டிருக்கிறார். மீதியும் வரும்வரை பொறுத்திரு அண்ணா.

உன் பிரியமுள்ள
தங்கை