நூற்றிருபத்தேழுக்கு மேலே

மார்ச் 3, திங்கள்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். வெளியே சொல்ல ஆள் இல்லாவிட்டால் இங்கேயாவது எழுதுகிறேன்.

கடையில் பைண்டு போட்டு விற்கும் நூலக புராஜெக்டையும் வங்கி புராஜெக்டையும் பிள்ளைகள் வருடாவருடம் அட்டை மாற்றிக் கொண்டுவருவார்கள். என் ஜாவா வகுப்பில் இந்த முறை அதற்குத் தடை போட்டேன். யாராவது ஒருவர் உண்மையிலேயே பயன்படுத்துகிற நிரலை எழுதினால்தான் மதிப்பெண். எல்லோரும் முணுமுணுத்தார்கள். ஒருத்தி மட்டும் "ஏன் சார்?" என்றாள். எதற்கெடுத்தாலும் அதைத்தான் கேட்பாள். வகுப்பில் அவளுக்குப் பெயரே 'ஏன்சார்'. பரீட்சை ஹாலில் யார் எங்கே உட்காருவது என்று முடிவு செய்யும் நிரலை எழுதிக் கொண்டுவந்தாள். ஒரே பாடம் எழுதுகிற இருவர் பக்கத்துப் பக்கத்தில் வரக் கூடாது. அதுதான் அதன் வேலை.

துறைத்தலைவருக்குப் பிடித்துப்போயிற்று. (அவரை இங்கே நாற்காலி என்றே எழுதுவேன். எனக்கு வரவேண்டிய நாற்காலியில் எட்டு வருடமாக உட்கார்ந்திருப்பவர்.) என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே முதல்வரிடம் போய், "நம்ம தயாரிப்பு சார்" என்றார். நம்ம!

இன்று வெள்ளோட்டம். கல்லூரி முழுமைக்கும் இருக்கை போட்டுக் காட்டினார். திரையில் வணிகவியல் பிள்ளைகள், ஒரே பாடத்துக்காரர்கள், ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலியின் முகம் விளக்கெண்ணெய் குடித்தவர் முகம் போல ஆயிற்று. சுவரோரம் நின்றிருந்த நான் மனசுக்குள் கைதட்டினேன்.

அவரா சும்மா இருப்பவர்?

"இது தப்பு இல்ல சார், திருட்டு. இங்க பாருங்க, இது இவளோட ஹாஸ்டல் ரூம்மேட். பக்கத்துல யாரு? அந்த வகுப்புல ஃபர்ஸ்ட் வர்ற பொண்ணு. ஃப்ரெண்டு காப்பியடிக்க சீட் போட்டுக் குடுத்திருக்கா."

முதல்வர் விசாரணை என்றுவிட்டார். குற்றம் உறுதியானால் அவள் இந்தப் பருவத் தேர்வே எழுத முடியாது. அங்கேயே நின்றிருந்த ஏன்சார் என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

பிடித்துவிட்டேன். ஒரே ஒரு வரி.

பாட எண்களை Integer பெட்டிகளில் போட்டு, இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டிருக்கிறாள். அந்தக் குறி உள்ளே இருக்கும் எண்ணைப் பார்ப்பதில்லை. இரண்டும் ஒரே பெட்டியா என்றுதான் பார்க்கும். நூற்றிருபத்தேழு வரை ஜாவா ஒரே பெட்டியைத் திரும்பத் திரும்பத் தருவதால் தப்பு வெளியே தெரியாது. அதற்கு மேலே ஒவ்வொரு முறையும் புதுப் பெட்டி. எண் ஒன்றானாலும் 'வேறு வேறு' என்றுவிடும். எங்கள் துறையின் பாட எண்கள் நூற்றொன்றில் ஆரம்பித்து நூற்றுப்பத்துக்குள் முடிந்துவிடும். அவள் சோதித்தது அவற்றை மட்டும். வணிகவியலுக்கு முந்நூற்றுச் சொச்சம்.

திருடுகிறவள் தன் வகுப்புத் தோழிகளை ஒன்றாக உட்காரவைக்க மாட்டாளா? எங்கள் பிள்ளைகள் ஒருவர்கூட ஒட்டி உட்காரவில்லையே. முந்நூற்றுக்காரர்கள் எல்லா ஹாலிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஒரு ரூம்மேட் மட்டுமா?

இதை நாற்காலி பார்த்திருக்க வேண்டாமா? இவர் ஜாவாவில் ஒரு வரி எழுதி எத்தனை வருடம் ஆயிற்றோ!

மார்ச் 5, புதன்

ஆய்வகத்தில் அவளிடம் காட்டினேன். நூற்றிருபத்தேழைப் போட்டாள், 'உண்மை'. நூற்றிருபத்தெட்டைப் போட்டாள், 'பொய்'. மறுபடியும் இரண்டையும் போட்டுப் பார்த்தாள். வழக்கமான கேள்வி வரும் என்று நினைத்தேன்.

"அப்போ தப்பு என்னுதுதான் சார். திருட்டு என்னுது இல்ல."

"நாளைக்கு விசாரணையில நான் சொல்றேம்மா."

"அன்னைக்கு ஏன் சார் சொல்லல?"

அன்றைக்கு எனக்கே காரணம் தெரியாது என்றேன். உண்மைதான். ஆனால் "பொறுங்க, பார்த்துச் சொல்றேன்" என்று மூன்று வார்த்தை சொல்லியிருக்கலாம். அதை அவளும் நினைத்திருப்பாள். கேட்கவில்லை.

"அப்பாவுக்கு இன்னும் சொல்லல சார். சொன்னா உடனே வந்து கூட்டிட்டுப் போயிடுவாரு. அதுக்கப்புறம் படிப்பே கிடையாது."

மார்ச் 6, வியாழன்

கெடுத்துவிட்டேன்.

முதல்வரும் கணிதப் பேராசிரியையும் விசாரணைக் குழு. கூடவே நாற்காலி. குற்றம் சொன்னவரே குழுவில்! அதை விட்டுத் தொலைத்திருக்கலாம். நன்றாகத்தான் ஆரம்பித்தேன். பேராசிரியை குறிப்பெடுக்கக்கூடச் செய்தார். நாற்காலி ஒரு சிரிப்புச் சிரித்தார். "சார் இப்படித்தான், எது நடந்தாலும் நான்தான் காரணம்பாரு."

அவ்வளவுதான். எனக்கு என்ன வந்ததோ — நூற்றிருபத்தேழில் ஆரம்பித்தவன் எட்டு வருடத்துக்கு முந்தைய நேர்காணலில் போய் நின்றேன். யார் யாருக்கு போன் செய்தார்கள், யார் வீட்டு வாசலில் யார் நின்றார்கள், எல்லாம். அந்தப் பொண்ணு வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கு, நான் உள்ள என் பழங்கதையப் பாடிட்டிருக்கேன். என்ன மனுஷன்யா நான்?

முதல்வர் பேனாவை மூடினார். "உங்களுக்கும் அவருக்கும் ஆகாதுன்னு வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும் சார். அந்தச் சண்டைக்கு இந்தப் பொண்ண இழுக்காதீங்க."

திங்கட்கிழமை முடிவு.

மார்ச் 7, வெள்ளி

வகுப்புக்கு அவள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

மார்ச் 8, சனி

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க சொன்னது சரிதான். ஆனா அதை நீங்க சொன்னதுதான் தப்பாப்போச்சு."

"அப்போ யாரு சொல்றதாம்? உங்க அண்ணனா?"

"எங்க அண்ணன் சொன்னாக்கூட நம்புவாங்க. அவருக்கு ஜாவாவும் தெரியாது, உங்க நாற்காலியையும் தெரியாது."

கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. பிறகு உட்கார்ந்து எழுதினேன்.

மாணவர்கள் ஐயம் கேட்கும் இணையப் பலகை ஒன்று கல்லூரியில் இருக்கிறது. ஆசிரியர்களும் பார்ப்பார்கள், கணிதப் பேராசிரியை தினமும் அதில் புதிர் போடுகிறவர். அதற்கு ஒரு செய்முறைப் பயிற்சி தயார் செய்தேன். பட்டியலில் நூற்றிருபத்தேழை இரண்டு முறை போட்டு ஒப்பிடுங்கள். பிறகு நூற்றிருபத்தெட்டை. அடுத்து, வெள்ளோட்டத்தின் இருக்கைப் படம் இதோ, பெயர்களை எடுத்துவிட்டு, பாட எண்கள் மட்டும். எந்த எண்கள் ஒட்டி உட்கார்ந்தன, எவை விலகி உட்கார்ந்தன என்று நீங்களே நிரல் எழுதிக் கண்டுபிடியுங்கள். இருக்கை போட்ட நிரலும் இதோ, எண்களை ஒப்பிடும் அந்த ஒரு வரியை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். இதற்கு யாருடைய பேச்சையும் நம்ப வேண்டியதில்லை.

முதல் வரைவின் கடைசியில், 'துறைத்தலைவர்களும் முயன்று பார்க்கலாம்' என்று ஒரு வரி இருந்தது. நல்ல வரி. மிக நல்ல வரி. அடித்துவிட்டேன்.

அவளுக்கு அனுப்பிக் கேட்டேன். அரை மணி கழித்துப் பதில் வந்தது. "போடுங்க சார். ஒட்டி உக்காந்த பாட எண்ணுல சின்னது எதுன்னும் கேளுங்க. அதுலயே புரிஞ்சிடும்." அதையும் சேர்த்தேன். என் கேள்விகளைவிட நல்ல கேள்வி.

'பதிவிடுபவர்' என்ற கட்டத்தில் என் பெயர் தானாகவே வந்து நின்றது. பட்டத்தோடு. அந்தப் பெயரைப் பார்த்தால் நாற்காலி மறுபடியும் அந்தச் சிரிப்பைச் சிரிப்பார், முதல்வர் பேனாவை மூடுவார், ஒருவரும் நிரலைத் தொடக்கூட மாட்டார்கள்.

பெயரை அழித்துவிட்டேன். அப்படியே போடப்போகிறேன்.