கைதட்டியவர்களுக்குத் தமிழ் தெரியாது

மே 14, 2024

இன்று எனக்குப் பதினெட்டு வயது. குழந்தைகள் இல்லத்தில் கேக் வெட்டினார்கள். வழக்கமாக அந்த மாதம் பிறந்த எல்லோருக்கும் சேர்த்து ஒரே கேக்தான். இந்த முறை கிரீமில் 'ஏஞ்சல்' என்று என் பெயர் மட்டும். பூரித்துப்போவதற்குள் இல்லத்தின் பொறுப்பாளர் ஞானம்மாள் மேடம் காரணத்தைச் சொல்லிவிட்டார். "வெளிய போற பிள்ளைக்கு ஸ்பெஷலா இருக்கட்டும்னு வாங்கினேன்மா."

பதினெட்டு முடிந்தால் இங்கே இருக்கக் கூடாது, சட்டம். நேற்று வரை நான் பாதுகாக்கப்பட வேண்டிய குழந்தை. இன்று காலையிலிருந்து தன் காலில் நிற்கும் வீராங்கனை. தூக்கத்தில் எப்போது வளர்ந்தேன் என்று தெரியவில்லை.

அம்மா என்னை இங்கே விட்டுவிட்டுப் போனபோது எனக்கு ஏழு வயது. 'இதோ வந்துடுறேன்' என்றாள். ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக்கில் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறாள் போல.

மே 20

இல்லம் இருந்த அஸ்தினாபுரத்திலிருந்து பெருங்களத்தூர். என்னைப் போல இல்லங்களை விட்டு வந்த பெண்களுக்காக ஒரு டிரஸ்ட் வாடகைக்கு எடுத்து வைத்திருக்கும் வீடு. மூன்றாவது மாடி. லிஃப்ட் உண்டு, அதற்குள் யாரோ சைக்கிள் நிறுத்தியிருக்கிறார்கள்.

அறையில் எனக்கு முன்பே ஒருத்தி இருக்கிறாள். ஜீவிதா. கோவளம் பக்கம் மீனவக் குப்பம். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அம்மா மீன் விற்றுக்கொண்டு நாலு பிள்ளைகளை வளர்க்க முடியாமல் இவளை ஒரு இல்லத்தில் சேர்த்துவிட்டாள். இதையெல்லாம் நான் கேட்காமலே, என் பையை இறக்கி வைப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். கடைசியில், "உன் கதை இன்னா?" என்றாள்.

"அப்புறமா சொல்றேன்."

"சொல்லாட்டி போ. ஆனா ஃபேன் கீழ கீற கட்டில் என்து."

ஜூன் 3

டிரஸ்டில் எங்களுக்குப் படிப்பு, வேலை எல்லாம் பார்த்துக்கொடுப்பது நிஷா அக்கா. ஐ.டி. வேலையை விட்டுவிட்டுச் சேவைக்கு வந்தவராம். அதைத் தானே சொல்லமாட்டார். மற்றவர்கள் சொல்லும்போது தடுக்கவும் மாட்டார்.

"உன்னோட பேஷன் என்ன ஏஞ்சல்?"

ஃபேஷன் என்று நினைத்துச் சுடிதாரைப் பார்த்துக்கொண்டேன். எதில் ஆர்வம் என்று கேட்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது. பி.காம். படிக்க வேண்டும் என்றேன். ப்ளஸ் டூவில் கணக்குப்பதிவியலில் பள்ளியிலேயே நான்தான் முதல். தாம்பரத்தில் மாலைக் கல்லூரி இருக்கிறது, காலையில் ஏதாவது வேலை செய்துகொண்டே படிப்பேன் என்றேன்.

"சூப்பர்! என்ன ஒரு கிளாரிட்டி!" என்றார் நிஷா அக்கா. பிறகு, பியூட்டீஷியன், தையல், கடை விற்பனை, இந்த மூன்றில் எது வேண்டும் என்று கேட்டார்.

"பி.காம்., அக்கா."

"டிகிரி மூணு வருஷம்டா. நமக்கு ஃபண்டிங் ஒரு வருஷத்துக்குத்தான். அதுக்குள்ள வேலைல இருக்கணும்."

"அப்போ மூணுல ஒரு பங்கு டிகிரி குடுங்க."

சிரித்தார். நான் ஜோக் அடித்ததாக நினைத்துவிட்டார்.

ஜூன் 4

கடை விற்பனை.

ஜூன் 27

பயிற்சி. டிரஸ்டின் இயக்குநர் தனசேகர் சாரே வந்து வகுப்பு எடுத்தார். எப்படிக் கை குலுக்குவது, எத்தனை பல் தெரியச் சிரிப்பது. பிறகு ஒவ்வொருவரும் கண்ணாடி முன்னால் நின்று, 'என்னை யாராலும் தடுக்க முடியாது' என்று மூன்று தரம் கத்த வேண்டும். கத்தினேன்.

திரும்பி வரும்போது பெருங்களத்தூர் சிக்னலில் ரோட்டைக் கடக்க முடியாமல் வெகுநேரம் நின்றேன். தென்மாவட்டத்துக்குப் போகும் பேருந்துகள் எல்லாம் வரிசையாக என்னைத் தடுத்தன. அந்த டிரைவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 5

வேலை கிடைத்துவிட்டது. தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடை, புடவைப் பிரிவு. டிரஸ்டில் இனிப்பு கொடுத்தார்கள். என்னை ஒரு பட்டுப்புடவைப் பொம்மை பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். படத்தில் இரண்டு பேரும் ஒரே மாதிரி சிரிக்கிறோம்.

ஆகஸ்ட் 30

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எங்கள் கடை சட்டத்தை மதிக்கும் கடை. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு ஸ்டூல் இருக்கிறது. அதன் மேல் எப்போதும் புடவைப் பெட்டி அடுக்கியிருக்கும். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் அச்சுதன் சார், "அது இன்ஸ்பெக்ஷனுக்கு வெச்சிருக்கறதும்மா" என்பார்.

வீட்டுக்கு வந்ததும் ஜீவிதா என் காலைப் பார்த்தாள். "இன்னாடி இது, வஞ்சிர மீன் மாதிரி வீங்கிக் கீது?" வாளியில் சுடுதண்ணீரும் உப்பும் போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். நன்றி என்றேன். "தூ, வாய மூடிகினு காலை வெய்யி."

செப்டம்பர் 18

ஒன்றும் இல்லை. நின்றேன்.

அக்டோபர் 9

நல்ல செய்தி! நவம்பரில் டிரஸ்டுக்குப் பணம் கொடுக்கும் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் மேடையேறிப் பேச 'வெற்றிக் கதை' ஒன்று வேண்டுமாம். நான்தான் அது. நிஷா அக்காவே ஆங்கிலத்தில் பேச்சு எழுதிக் கொடுத்துவிட்டார். நான் என் வாழ்க்கையைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன்.

அக்டோபர் 26

தீபாவளிக் கூட்டம். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் பாத்ரூம் போக அனுமதி கேட்க வேண்டும். சாயங்காலம் ஒரு அம்மாவுக்கு மாம்பழ நிறத்தில் புடவை விரித்துக்கொண்டிருந்தபோது கண் இருட்டியது. ஸ்டூல் மேல் இருந்த பெட்டிகளைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். விழுந்துவிடக் கூடாதே என்றுதான். புடவை என் மடியில்தான் இருந்தது, மடிப்புக்கூடக் கலையவில்லை.

அச்சுதன் சார் ஓடிவந்தார். "கஸ்டமர் நிக்கறாங்க, நீ உக்காந்துட்டு இருக்க?"

அந்த அம்மா, "பரவாயில்லங்க, பொண்ணு முகமே சரியில்ல" என்றார்.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "இன்ஸ்பெக்ஷன் நடக்குது சார். ஸ்டூல் நல்லா இருக்கு" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினை. உட்கார்ந்ததை மன்னித்திருப்பார்.

நாளையிலிருந்து வர வேண்டாமாம்.

அக்டோபர் 28

நிஷா அக்காவிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன்டா இப்படி? ஃபங்ஷனுக்கு இன்னும் மூணு வாரம்கூட இல்லையே!"

எனக்கு வேலை போனதில் எனக்கு மட்டும்தான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். எவ்வளவு சுயநலம்.

தனசேகர் சாரிடம் பேசிவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார். விழா முடியும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது. மேடையில் அதே பேச்சு. இன்னொன்று, பயிற்சி முடிந்தபிறகு வேலையில் இல்லாதவர்கள் வீட்டில் தங்கக் கூடாது என்பது விதி. நவம்பர் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

"எங்க போறது அக்கா?"

"சொந்தக்காரங்க யாராவது..." என்று ஆரம்பித்தவர், நான் யாரென்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

நவம்பர் 1

தீபாவளி முடிந்தது. ஊரே சொந்த ஊருக்குப் போய்விட்டது. பெருங்களத்தூரில் இருப்பது நானும் நாய்களும். ஜீவிதாவும் அம்மாவைப் பார்க்கப் போய்விட்டாள்.

பயமாக இருக்கிறது. இதைக் கேலியாக எழுத முயற்சி செய்தேன், வரல. ஒருத்தி தெருவுக்கு வர்றதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்? யார் கதவ தட்டறது? இல்லத்துல கேட்டா மேடம் அழுவாங்க, அவ்ளோதான், அவங்களால என்ன முடியும்? பதினெட்டு ஆயிடுச்சே —

போதும்.

நவம்பர் 16

கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். முன்வரிசையில் கம்பெனிக்காரர்கள். சிலர் வடநாட்டவர், சிலர் வெளிநாட்டவர். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. பின்வரிசைகளில் எங்களைப் போன்ற பிள்ளைகள், ஒரே நிறத்தில் டி-ஷர்ட்.

என்னை மேடைக்கு அழைத்தார்கள். 'இன்று நான் சொந்தச் சம்பளத்தில் வாழும் பெருமைமிக்க பெண்' என்பது முதல் வரி. ஆங்கிலத்தில் அதைப் படித்தேன். இரண்டாவது வரி வாயில் வரவில்லை. மைக் பக்கத்தில் நின்றிருந்த நிஷா அக்காவிடம் தமிழில் பேசட்டுமா என்று கேட்டேன். "பேசு, நான் ட்ரான்ஸ்லேட் பண்றேன்" என்றார், சிரித்த முகமாக.

பேசினேன். "எனக்கு வேலை இல்லீங்க. மயக்கம் வந்து உக்காந்ததுக்கு எடுத்துட்டாங்க. இந்த மாசக் கடைசில தங்கற இடமும் போயிடும். நான் பி.காம். படிக்கணும்னு கேட்டேன். என்னப் புடவை விக்க அனுப்புனாங்க. வெற்றிக் கதைக்கு வேற ஆள் பாருங்க."

நிஷா அக்காவின் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தனசேகர் சாரைப் பார்த்தார். பிறகு மைக்கில், ஏஞ்சல் உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்கிறாள், இந்த வேலை தன் வாழ்க்கையையே மாற்றிவிட்டது என்கிறாள் என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னார்.

கைதட்டினார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா எழுந்து நின்றே தட்டினார். எனக்கு வேலை போனதற்கு இவ்வளவு பெரிய பாராட்டு கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் திரும்பினேன்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். ஜீவிதா. நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள்.

"யக்கா! அவ இன்னா சொன்னா, நீ இன்னா சொல்லிகினு கீற?"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. தனசேகர் சார் கையைக் காட்டினார். இரண்டு பேர் அவளை நோக்கி ஓடினார்கள். அதற்குள் அவள் தனக்குத் தெரிந்த ஆங்கிலம் அத்தனையையும் வெள்ளைக்கார அம்மாவை நோக்கி வீசினாள். "மேடம்! நோ ஜாப்! நோ வூடு! ஷி டெல்லிங் ட்ரூ! திஸ் அக்கா டெல்லிங் பொய்!"

யாரும் கைதட்டவில்லை.

அந்த அம்மா நிஷா அக்காவிடம் ஏதோ கேட்டார்.  நிஷா அக்கா மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி, அந்த அம்மாவுக்கு எதிரே நின்று, நான் சொன்ன எல்லாவற்றையும் சொன்னார். மயக்கத்தைச் சொன்னார். தங்குமிடத்தைச் சொன்னார். பி.காம். என்ற சொல் எனக்கே கேட்டது. கடைசியில் யாரும் கேட்காமலே, மறைக்கச் சொன்னது தான்தான் என்றும் சொன்னார். தனசேகர் சார் பெயரை இழுக்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. பிடித்தும் இருந்தது.

வேனில் திரும்பி வரும்போது யாரும் சாப்பிடவில்லை. ஜீவிதா மட்டும் விழாவில் கொடுத்த பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டாள். "சோறு மேல இன்னா கோவம்?"

நவம்பர் 29

பையைக் கட்டி வைத்துவிட்டேன். நிஷா அக்கா படியேறி மூச்சு வாங்க வந்தார். பையைப் பார்த்தார். "பிரி" என்றார்.

அந்த வெள்ளைக்கார அம்மா விடவில்லையாம். வேலை போன பிள்ளையை வீட்டை விட்டு அனுப்புவதுதான் மறுவாழ்வா என்று தினமும் போன் செய்து கேட்டாராம். இனிமேல் இருபத்தொரு வயது வரை தங்கலாம். நேற்று கூட்டத்தில் தனசேகர் சார் இதை அறிவித்தாராம், பல வருடங்களாகத் தான் யோசித்துவந்த திட்டம் என்று.

நிஷா அக்கா போகவில்லை. ஜீவிதா செய்த உப்புமாவைத் தட்டில் வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தார். "அன்னிக்கு ஏன் அப்படி மாத்திச் சொன்னேன்னு தெரியலடா. வாய் தானா சொல்லிடுச்சு. வேலை போயிடுமோன்னு பயம்."

எனக்கு அந்தப் பயம் தெரியும். ஜீவிதாவுக்கும் தெரியும், ஆனால் அவள் சும்மா இருப்பவள் இல்லை. "சரிக்கா, உப்புமாவ துன்னு. ஆறிப் போவுது."

ஜனவரி 8, 2025

குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. வரவேற்பில் நோயாளிகளைப் பதிவு செய்வது. விடிகாலை ஷிஃப்ட், மதியத்துக்குள் முடிந்துவிடும். டிரஸ்ட் வாங்கித் தரவில்லை. ஜீவிதா வாங்கித் தந்தாள். அவள் வேலை செய்யும் பியூட்டி பார்லருக்குப் புருவம் திருத்த வந்த ஒரு அம்மா அங்கே பொறுப்பில் இருக்கிறாராம். ஒரு புருவம் முடித்துவிட்டு என்னைப் பற்றிப் பேச்செடுத்திருக்கிறாள்.

"ஒரு புருவத்தோட எந்திரிச்சுப் போவ முடியுமா? கேட்டுத்தான ஆவணும்."

ஏப்ரல் 22

முதல் வருடக் கல்லூரிக் கட்டணத்துக்கு நிஷா அக்கா டிரஸ்டில் சம்மதம் வாங்கிவிட்டார். மீதி இரண்டு வருடத்தைப் பிறகு பார்க்கலாமாம். நான் கேட்ட மூன்றில் ஒரு பங்கு டிகிரி கிடைத்துவிட்டது.

ஜூலை 2

கல்லூரி முதல் நாள். ஷிஃப்ட் முடித்து, ஆஸ்பத்திரிச் சீருடையைப் பையில் திணித்துக்கொண்டு போனேன். எல்லோரும் எழுந்து தங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றார் பேராசிரியர். பெயர், ஊர், அப்பா என்ன செய்கிறார். என் முறை வருவதற்குள் அந்தக் கடைசிக் கேள்விக்கு விதவிதமான பதில்களைத் தயார் செய்துவிட்டேன். எல்லாமே நன்றாக உறைக்கும் பதில்கள்.

எழுந்தேன். "ஏஞ்சல். பெருங்களத்தூர். காலைல ஆஸ்பத்திரில வேலை செய்றேன் சார்."

அவர் அடுத்த பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான்.

வகுப்பு முடிந்ததும் பக்கத்திலிருந்த பெண் என் முழங்கையைத் தட்டினாள். "நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்துடு. ரெண்டு பேரும் ஜன்னல் பக்கம் பிடிச்சிடலாம். இங்க வேகுது."

சரி என்றேன். அவள் தன்னைப் பற்றிச் சொன்னபோது நான் என் பதில்களை யோசித்துக்கொண்டிருந்ததால் பெயரைக் கவனிக்கவில்லை. நாளை கேட்க வேண்டும்.