கோட்டைக்கு ஒரு கல்வெட்டு

அன்புள்ள அண்ணைக்கு,

"இனியாவது அவருக்குச் செய்யவேண்டியதைச் செய்து முடிச்சு வைப்பம்" என்று என் கணவருக்கு நீங்களே அச்சுக்கு எழுதிக் கொடுத்த நினைவுக் கல்வெட்டை, பாரிஸ் லா ஷப்பல் அச்சகத்தில் வாங்கி வாசித்தேன். செத்தவீட்டுப் புத்தகம் உங்களுக்கு வகுப்பறையா? பதினாறு பக்கத்தில் பதினான்கு ஆனையிறவுக் கோட்டைக்கே போயிருக்கிறது. ஒல்லாந்தர் கட்டியது, ஆமி முகாம் போட்டது, சாமான் போன கண்டி வீதி எப்போது யார் கையில் இருந்தது, எல்லாவற்றுக்கும் ஆண்டு போட்டிருக்கிறீர்கள்.

அதே வீதியில் இருபது வருசம் கோதுமை மா லொறி ஓட்டிய மனுசனுக்கு நாலு வரியில் ஒரு பந்தி. அவருக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்று உங்களுக்குத் தெரியும். அதைக்கூட எழுதவில்லை.

அச்சகக்காரர் முதல் பக்கத்தைக் காட்டி, "அக்கா, மறைந்த திகதி வெறுமையாக் கிடக்கு, என்ன போட?" என்று கேட்டார்.

ஒல்லாந்தரின் திகதிகளைத் தேடிப் பிடித்த உங்களுக்கு, 2009இல் கடைசிச் சண்டைக்குள் லொறியோடு போய்த் திரும்பாதவரின் திகதி தெரியவில்லை. எனக்கும் தெரியாது.

நான் அவருடைய படத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நீங்கள் அந்தக் கோட்டைக்கே கல்வெட்டு அடியுங்கள், அண்ணை. அது விழுந்த திகதியாவது உங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
இன்னும் பொட்டு வைத்திருக்கும் உங்கள் தங்கச்சி