மாமனார் முகம் போட்ட வெள்ளிக்காசு

14-3-1937, ஞாயிறு
அவனியாபுரத்தில் மாமனார் கிணற்றைத் தூர்வாரும்போது ஒரு கலயம் அகப்பட்டது. உள்ளே பதினொரு வெள்ளிக்காசு. சித்திர வாத்தியாருக்குத் தெரியாதா என்று எனக்கு ஆளனுப்பினார்கள். புளி போட்டுத் தேய்த்தேன். பக்கவாட்டில் ஓர் ஆண் தலை. எடுப்பான மூக்கு, தடித்த கழுத்து. நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "மாமா, அசல் உங்க முகம்" என்று சொல்லித் தொலைத்தேன்.

16-3
மாமனாரின் முத்திருளன் வம்சம் ஒரு காலத்தில் காசடித்து ஆண்டதாம். ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. கேட்பவர்களுக்குப் பக்கவாட்டில் திரும்பி வேறு காட்டுகிறாராம்.

18-3
ஒரு காசை வாங்கிப்போய்த் தலைமையாசிரியரிடம் காட்டினேன். பூதக்கண்ணாடியில் தலையைச் சுற்றி இங்கிலீஷ் எழுத்துகள். 'சீசர்' என்று கூட்டினேன். அவர் பெரிய புத்தகத்துப் படத்தோடு ஒத்துப் பார்த்தார். ரோமாபுரி ராஜா டைபீரியஸ்! ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷம்! "மருது, புதையலை கலெக்டர் ஆபீசில் சொல்லாவிட்டால் உம்ம மாமனாருக்கு ஜெயில்" என்றார். காசை வேட்டி மடியில் முடிந்துகொண்டேன்.

19-3
மாமனாரிடம் சொன்னேன்.
"ரோமாபுரி எங்கிட்டு இருக்கு? மேலூருக்கு அங்கிட்டா?"
"கடலுக்கு அங்கிட்டு மாமா."
"அம்புட்டு தூரம் போயிருக்காங்களா நம்ம பங்காளிக!"
கொடுக்க மாட்டாராம்.

21-3
மனைவி ஜெயக்கொடிக்கு என் மேல் கோபம். பேசியது ஒன்றே ஒன்று: "எங்கய்யாவ ஜெயிலுக்கு அனுப்பத்தான் என்னையக் கட்டுனீகளா?"
அனுப்பாமலிருக்கத்தானே இந்தப் பாடு — யாரிடம் சொல்லி அழ?

24-3
புத்தகத்தில் மிச்சத்தையும் படித்தேன். வழி கிடைத்தது. நேரே அவனியாபுரம். "மாமா, அந்த ராஜா செத்தப்ப சனங்க சந்தோஷப்பட்டாங்களாம். பொணத்த ஆத்துல போடுன்னு கத்துனாங்களாம்."
மாமனார் ஒரு காசை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.
"எழவுக்கு ஒருத்தருமே அழுகலையா?"
"புத்தகத்துல இல்ல மாமா."
"அப்ப அது நம்மாளு இல்ல. நம்ம வீட்டு எழவுக்கு மூணு ஊரு வரும். கொண்டு போயிக் குடுத்துருவோம்."

30-3
கலெக்டர் ஆபீஸ். குமாஸ்தா காசைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், மறுபடி காசைப் பார்த்தார். "பெரியவரே, இவர் உங்களுக்கு என்ன முறை?"
மாமனார் துண்டால் மூக்கை மூடிக்கொண்டார். "பழக்கமே இல்லீங்க."
ரசீது கொடுத்தார்கள். ஜெயில் இல்லை. ஜெயக்கொடி இன்று எனக்குக் கறிக்குழம்பு வைத்தாள்.

27-6, ஞாயிறு
காசுகளை மெட்ராஸ் மியூசியத்துக்கு அனுப்பிவிட்டதாகக் கடிதம். மாமனாருக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். வெற்றிலையை மடித்தவர் வாயில் போடவில்லை.
"கண்ணாடிப் பெட்டிக்குள்ளயா வப்பாங்க?"
"ஆமா மாமா."
"ஒரு எட்டுப் போயி, எப்புடி இருக்காருன்னு பாத்துட்டு வருவமா, மாப்ள?"