வாரண்டி இல்லாத காது மெஷின்

ஐப்பசி, வெள்ளி இரவு.

காது மெஷின் இந்த வாரம் முழுக்க வேலை செய்யவில்லை. இன்று திருநெல்வேலியில் இருக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெண் என் காதருகே வந்து சத்தமாகச் சொன்னாள்: "ஐயா, இது துபாயில விக்க வந்தது. இங்க வாரண்டி கிடையாது. உங்களுக்கு வித்த கடைக்காரர்தான் பொறுப்பு."

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே கோவில்பட்டிக் கடைக்குப் போனேன்.

"விலை கம்மின்னுதான அண்ணாச்சி வாங்குனிய?" என்று கடைக்காரன் கத்தினான்.

"ஒரு வருஷ வாரண்டின்னு பில்லுல எழுதிக் குடுத்தது நீதான? மாத்தித் தா. இல்லைன்னா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போறேன்."

பில்லை வாங்கிப் பார்த்தான். அடுத்த வாரம் வேறு மெஷின் தருவதாக ஒத்துக்கொண்டான். ஜெயித்துவிட்ட மாதிரிதான் வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் பெங்களூரிலிருந்து மகள் வீடியோவில் கூப்பிட்டாள். மெஷின் கெட்டதை அவளிடம் சொல்லவில்லை. பெரிய கடையில் வாங்கச் சொன்னவள் அவள்தான். வாய் அசைவது மட்டும் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் "நல்லதும்மா, நல்லதும்மா" என்றேன். திடீரென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கும் "நல்லதும்மா" என்று சொல்லியிருக்கிறேன். போனை வைத்துவிட்டாள்.

"என்னம்மா சொன்ன? எனக்குக் கேக்கலை" என்று மெசேஜ் போட்டேன்.

"ஒண்ணுமில்லப்பா. சாப்பிட்டுப் படுங்க" என்று பதில் வந்தது.

மறுபடியும் கேட்டிருக்கிறேன். இன்னும் அவள் பார்க்கவில்லை.