செபஸ்தியார் வீட்டில் ஒரு வில்

ஏப்ரல் 20, 1996 – சனி

காலையில் மகள் ஏஞ்சலாவைத் தமிழ் வகுப்பில் இறக்கிவிட்டு, அஜின்கோர்ட் கடையில் மீன் வாங்கிக் கொடுத்துவிட்டு, மனைவி பேர்ணடெற்றிடம் ‘ஒரு அலுவல்’ என்று மட்டும் சொல்லி, பக்கத்து ஊரான பிக்கரிங்குக்குப் போனேன். மனிசியிடம் இதை எப்படிச் சொல்வது? நாற்பதை எட்டிப் பார்க்கிற ஆள் வில் வளைக்கப் போகிறேன் என்றா?

எல்லாவற்றுக்கும் லோரெய்ன்தான் காரணம். எங்கள் பெட்டித் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள், என் வயதுக்காரி. மதியச் சாப்பாட்டு நேரம் மற்றவர்கள் கார்ட்ஸ் விளையாட, இவள் மட்டும் வான்கோழி இறகை அளவாக வெட்டி அம்புக்கு ஒட்டிக்கொண்டிருப்பாள். பனிக்காலம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றேன். கடைசியில் அவளே, பார்த்தது போதும், சனிக்கிழமை வா என்றாள்.

சக்கரமோ குறிகாட்டியோ ஒன்றும் இல்லாத வெறும் மரவில். பழைய முறை என்கிறார்கள். அம்பைப் பார்க்காதே, படவேண்டிய இடத்தை மட்டும் பார் என்றாள். இழுத்தேன். விரல் வாய்க்கடையைத் தொட்டதும் விட்டேன். விட்டேனா, அதுவாகப் போனதா தெரியவில்லை. வைக்கோல் கட்டில் அம்பு குத்தி நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

நான் செய்ததா அது? ஒன்பது வருடமாக மெஷினில் ஒரே பொத்தானை அமத்திக்கொண்டிருக்கிற இந்தக் கையா?

ஏப்ரல் 23

இடது கையின் உட்புறம் நீலமாகக் கன்றிப்போயிருக்கிறது. நாண் அடித்த அடி. பேர்ணடெற் ஒன்றும் கேட்காமல் தைலத்தை எடுத்துவந்து தேய்த்துவிட்டாள். தலையிடி, சளி, மனக்கவலை எல்லாவற்றுக்கும் அவளுக்குத் தைலம்தான்.

ஜூன் 15 – சனி

வில்லை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். லோரெய்ன் பழகிய பழைய வில், இரவல்.

கதவைத் திறந்த பேர்ணடெற் வில்லைப் பார்த்தாள். பிறகு திரும்பி முன்னறைச் சுவரில் இருக்கும் செபஸ்தியார் படத்தைப் பார்த்தாள். மரத்தில் கட்டுண்டு, உடம்பெல்லாம் அம்பு தைத்து நிற்கிறாரே, அந்தப் படம். மன்னாரில் அவளுடைய தாய்வீட்டில் இருந்தது.

“அம்பு பட்ட மனிசனை நடு வீட்டில வச்சுக் கும்பிட்டுக்கொண்டு, உந்த வில்லையும் கொண்டுவந்து வைக்கப் போறியளோ?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. படத்தைக் கழற்றிக்கொண்டுபோய்ப் படுக்கையறையில் மாட்டினாள். செபஸ்தியார் இந்தக் கூத்தைப் பார்க்கக் கூடாதாம்.

மான் வேட்டைக்கு என்று சொன்னதும் அவள் முகம் மாறியது. நான் யோசித்திருக்க வேண்டும். அவளுடைய தம்பி மரியரட்ணம், தொண்ணூறாம் ஆண்டு, சண்டைக்காலம், வயலால் வரும்போது துவக்குச் சூடு பட்டவன். இரத்தம் வடிய வடியப் பத்தைக் காட்டுக்குள் ஓடியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. நான் அப்போது இங்கே. கையில் பிள்ளையோடு அவள்தான் தேடித் திரிந்தாள். உடலும் இல்லை, செய்தியும் இல்லை. தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார் என்று இன்றுவரை செவ்வாய்க்கிழமை தவறாமல் அவர் படத்துக்கு முன்னால் தம்பிக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்துகிறாள்.

பின்னேரம் தேத்தண்ணி தரும்போது சொன்னாள்: “போறதெண்டால் போங்கோ. ஆனா ஒரு உயிர் காயத்தோட ஓடி, நீங்கள் அதைக் கண்டுபிடிக்காமல் விட்டியளெண்டால், உந்த வில்லை நான் முறிச்சுப்போடுவன். பிறகு என்னோட கதைக்கவும் வரவேண்டாம்.”

ஓம் என்றேன். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஜூலை 28 – ஞாயிறு

வேட்டைச் சோதனை பாஸ். பேப்பரில் பாஸ் பண்ணுவது சுகம். லோரெய்னிடம் பாஸ் பண்ணுவதுதான் கஷ்டம்.

ஒரு மாதமாக என்னைக் குறி பார்க்கவே விடவில்லை. வைக்கோல் கட்டுக்கு முன்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு விடு என்கிறாள். முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகுதான் விளங்கியது. கண்ணை மூடினால் முதுகில் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் ஒரு இடம் இறுகுவது தெரிகிறது. அது இறுகி முடிந்ததும் விரல் தானாகத் திறக்கிறது. இத்தனை வருடம் என்னுடனேயே இருந்த முதுகு. இப்போதுதான் அதோடு அறிமுகம்.

இன்று ஒரு விஷயம் சொன்னாள். எவ்வளவு தூரத்தில் உன் அம்பு ஒன்றுகூடத் தவறாமல் படுகிறதோ, அதுதான் உன் தூரம். அதற்கு அப்பால் நிற்கிற மான் எவ்வளவு பெரிதானாலும் உன்னுடையது இல்லை. என் தூரத்தைப் பார்த்தோம். எங்கள் கட்டிடத்தில் லிஃப்டில் இருந்து எங்கள் வீட்டுக் கதவு வரைக்கும் வரும், அவ்வளவுதான். அவ்வளவு கிட்ட ஒரு மான் எதற்கு வரப்போகிறது?

ஓகஸ்ட் 17

ஏஞ்சலா கேட்டாள்: “அப்பா, மான் உங்களை என்ன செய்தது?”

“நேற்றுத் திண்ட ஆடு உம்மை என்ன செய்தது?” என்றேன், கெட்டித்தனமாக.

“அது டிஃபரன்ட். ஆட்டின்ட முகத்தை நீங்க பாக்கேல்லையே.”

ஒன்பது வயது. வில்லைத் துடைக்கப் போனேன்.

ஒக்டோபர் 5 – சனி

இதை எப்படி எழுதுவேன்?

பிக்கரிங்குக்கு வடக்கே லோரெய்னின் சித்தப்பாவின் பண்ணை. அதன் பின்பக்கக் காட்டில், விழுந்து கிடந்த சீடர் மரத்துக்குப் பின்னால் என்னை இருத்திவிட்டு அவள் வேறு பக்கம் போய்விட்டாள். அசையாமல் இரு, அவ்வளவுதான் வேலை என்றாள். இந்த நாட்டில் இத்தனை வருடத்தில் யாரும் எனக்குத் தராத வேலை.

முதலில் என் இதயம் அடிக்கும் சத்தம் மட்டும்தான். பிறகு அது அடங்க, காடு தொடங்கியது. மேப்பிள் இலை ஒன்று கிளையை விட்டுப் பிரிகிற சத்தம் கேட்டது. விழுகிற சத்தம் இல்லை, பிரிகிற சத்தம். வெளிச்சம் ஒரேயடியாக வரவில்லை. ஒவ்வொரு மரமாக வந்தது. ஒரு சின்னக் குருவி பறந்துவந்து என் வில்லின் நுனியில் குந்தியது. அதன் நிறை கூட எனக்குத் தெரியவில்லை. கழுத்தைச் சரித்து என்னைப் பார்த்தது. அதற்கு நான் மரம். மூச்சை விட்டால் பறந்துவிடும் என்று அடக்கிக்கொண்டிருந்தேன். கண்ணால் தண்ணீர் ஓடியது.

மான் வரவில்லை. வராதது ஒரு குறையாகவே தெரியவில்லை. திரும்பும் வழியில் கோப்பி வாங்கிக் குடித்தோம்.

ஒக்டோபர் 19 – சனி

இன்று வந்தன. மூன்று. ஒன்றன் பின் ஒன்றாக, கால் நிலத்தில் படுகிறதா என்று சந்தேகம் வருகிற மாதிரி. அவ்வளவு பெரிய உடம்பு சத்தமே இல்லாமல் எப்படி நடக்கிறது? முன்னால் வந்தது என் தூரத்துக்கு இன்னும் கொஞ்சம் இருக்கையில் நின்றது. மூக்கை உயர்த்தியது. முன்னங்காலால் நிலத்தில் ஒரு உதை. ‘புஸ்ஸ்’ என்று ஒரு சீறல். மூன்று வெள்ளை வால்களும் காட்டுக்குள் துள்ளி மறைந்தன.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. லோரெய்ன் வந்தாள். பக்கத்தில் வந்ததும் அவளும் அந்த மான் மாதிரியே மூக்கை உயர்த்தினாள். இது என்ன, மருந்துக் கடையா என்று கேட்டாள்.

தைலம்! எனக்கு இரண்டு நாளாகச் சளி. பேர்ணடெற் என் மப்ளரில் ஊற்றித் தேய்த்தே தந்திருக்கிறாள். அவளைக் குறை சொல்லி என்ன? மூக்கடைப்புக்கு நல்ல சுகமாக இருக்கிறதென்று, விடிந்ததிலிருந்து அதை இழுத்து இழுத்து மணந்துகொண்டிருந்தவன் நான்தானே.

வீட்டில் சொன்னேன். சிரித்தாள். வில் இந்த வீட்டுக்கு வந்ததற்குப் பிறகு அதைப் பற்றி அவள் சிரித்தது இன்றுதான். “சளிக்கு மட்டுமில்லை, மானுக்கும் நல்லதுதான் போல.”

ஒக்டோபர் 24

வேட்டை உடுப்பெல்லாம் இப்போது பல்கனியில், சீடர் இலை போட்ட பைக்குள். இன்று மிளகாய்த்தூளுக்கு வறுக்க முதல் பேர்ணடெற் போய்ப் பல்கனிக் கதவை இறுக்கிச் சாத்தினாள். உடுப்பில் மணம் பிடித்துவிடுமாம், நான் கேட்டுச் செய்ததில்லை.

நவம்பர் 2 – சனி

சகல ஆத்துமாக்கள் நாள், இறந்தவர்களை நினைக்கிற நாள். வேட்டைக்குப் போகவில்லை, மூவரும் பூசைக்குப் போனோம். பின்னேரம் பேர்ணடெற்றின் தாய் தகப்பன், காலமான மாமா மாமி படத்துக்கு முன்னால் மெழுகுதிரி வைத்தோம். நான் கவனமில்லாமல் பெட்டியிலிருந்து மூன்றை எடுத்துவிட்டேன். பேர்ணடெற் ஒன்றைத் திருப்பிப் பெட்டிக்குள் வைத்தாள்.

“அவனுக்கு இஞ்ச இல்லை. அவனுக்குச் செவ்வாய்க்கிழமை.”

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

நவம்பர் 9 – சனி

உடுப்பு மாற்றாமலே இதை எழுதுகிறேன்.

பின்னேரம், வெளிச்சம் மங்கத் தொடங்கிய நேரம். தனியாக ஒரு ஆண் மான், சின்னக் கொம்பு. காற்று அதன் பக்கமிருந்து என் பக்கம் வீசியது. என் தூரத்துக்குள் வந்து, இன்னும் வந்தது. மூச்சு ஆவியாகப் போவது தெரிந்தது. கண் இமை தெரிந்தது. ஏஞ்சலா, நான் முகத்தைப் பார்த்தேன். வடிவாகப் பார்த்தேன். கும்பிடத்தான் தோன்றியது. தலையை மரத்துக்குப் பின்னால் கொண்டுபோனதும் இழுத்தேன். முன்னங்காலுக்குப் பின்னால் ஒரு பிடி மயிரை மட்டும் பார்த்தேன்.

பட்டது. பட்டதெண்டுதான் நினைக்கிறன். துள்ளிச்சு, ஓடிச்சு, பத்தைக்குள்ள போயிட்டுது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

லோரெய்ன் வந்து குனிந்து பார்த்தாள். இலையில் ஒரு துளி. தள்ளி இன்னொன்று. பிறகு ஒன்றுமில்லை, இருட்டும் வந்துவிட்டது. காலையில் வருவோம் என்றாள். மாட்டேன் என்றேன். நிண்டு சண்டை பிடிச்சன். அவள் என் தோளைப் பிடித்து, இப்போது துரத்தினால் அது எழும்பி எழும்பி ஓடும், விட்டால் ஓரிடத்தில் படுக்கும், உனக்கு எது வேண்டும் என்று கேட்டாள்.

வீட்டுக் கதவிலேயே பேர்ணடெற்றுக்கு என் முகம் சொல்லிவிட்டது.

“தனிய விட்டிட்டு வந்திட்டியளோ?”

லோரெய்ன் சொன்னதைச் சொன்னேன். என் வாயால் வரும்போது அது சாட்டு மாதிரித்தான் கேட்டது. பேர்ணடெற் வில்லை என் கையிலிருந்து வாங்கினாள். முறிக்கப் போகிறாள் என்றுதான் நின்றேன். மூலையில் சாத்திவிட்டு, “என்ர மழைச் சப்பாத்து எங்க கிடக்கு?” என்றாள்.

“நாளைக்குப் பூசையெல்லோ?”

“தெரியும்.”

நவம்பர் 10 – ஞாயிறு

ஏஞ்சலாவைக் கீழ்வீட்டில் விட்டுவிட்டு விடிய முதல் வெளிக்கிட்டோம். ஞாயிற்றுப் பூசையைத் தவறவிடாத மனிசி, என் பழைய ஜக்கற்றும் மழைச் சப்பாத்துமாகக் காரில் என் பக்கத்தில்.

புல்லெல்லாம் உறைபனி. கடைசித் துளி கிடந்த இடத்திலிருந்து, மான்கள் வழமையாக நடக்கும் ஒற்றையடிப் பாதையில், நானும் லோரெய்னும் மேட்டுப் பக்கமாகத் தவழாத குறையாகத் தேடினோம். ஒன்றுமில்லை. பேர்ணடெற் நின்ற இடத்திலேயே நின்றாள்.

“தண்ணி எந்தப் பக்கம்?”

லோரெய்னிடம் கேட்டேன். பள்ளத்தில், நாங்கள் தேடாத பக்கம், ஒரு சின்ன ஓடை இருக்கிறது என்றாள்.

“காயப்பட்டது தண்ணிக்குத்தான் போகும்” என்றாள் பேர்ணடெற். “அண்டைக்குத் தம்பியைத் தேடேக்கையும் நான் சொன்னனான். குளத்தடிக்குப் போகத்தான் ஒருத்தரும் விடேல்லை.”

இதை அவள் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நான் வாய் திறக்க முதல் பத்தையை விலக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். கொப்புகள் முறிகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. பிறகு,

“கஸ்பர்!”

கலியாணம் கட்டிய நாளிலிருந்து என் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டதில்லை. விழுந்தெழும்பி ஓடினேன்.

ஓடைக்கரையில் சீடர் மரத்தடியில் கிடந்தது. மயிரெல்லாம் பனி பூத்து வெள்ளையாக. பேர்ணடெற் முழங்காலில் இருந்து அதன் கழுத்தில் கை வைத்திருந்தாள்.

“எப்ப செத்தது? அவவிட்டக் கேளுங்கோ.”

லோரெய்ன் காயத்தைப் பார்த்தாள், காலை மடக்கிப் பார்த்தாள். அம்பு இரண்டு நுரையீரலையும் ஊடுருவிப் போயிருக்கிறது. மேலால் பட்டதால் இரத்தம் வெளியே அதிகம் சிந்தவில்லை. ஒரே ஓட்டத்தில் இங்கே வந்து விழுந்திருக்கிறது என்றாள்.

“நான் இருந்த இடத்தால எழும்ப முதலே முடிஞ்சிட்டுதாம். இரவிரவாக் கிடந்து உத்தரிக்கேல்லை.”

“கனநேரம் இல்லையோ?”

“இல்லை.”

“வடிவாக் கேட்டனீங்களோ?”

திரும்பவும் கேட்டேன். லோரெய்ன் என்னைப் பார்க்கவில்லை. பேர்ணடெற்றின் கையைப் பிடித்து, அவள் கண்ணைப் பார்த்து, சில மூச்சுத்தான், அவ்வளவுதான் என்று மெல்லச் சொன்னாள். அதற்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பேர்ணடெற் தண்ணீர்க் கரையில் இருந்து அழுதாள். குரல் எடுத்து, ஊரில் செத்தவீட்டில் அழுவது போல. லோரெய்ன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள். நான் பேர்ணடெற்றுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அன்றைக்கு இருந்திருக்க வேண்டிய இடம் அது.

பிறகு மூவருமாக மானைத் துப்புரவாக்கினோம். கத்தி என்னிடம், காலைப் பிடித்துக்கொண்டவள் பேர்ணடெற். ஓடையில் கை கழுவும்போது, “வடிவான சீவன்” என்றாள்.

நவம்பர் 17 – ஞாயிறு

மான் இறைச்சி. மிளகு கூடப் போட்டு வறட்டியிருந்தாள். ஏஞ்சலா கரண்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “முகத்தைப் பாத்தனீங்களோ?”

“ஓம்.”

“ஓகே” என்று தின்னத் தொடங்கினாள்.

நவம்பர் 26 – செவ்வாய்

வேலையால் வர இருட்டிவிட்டது. செபஸ்தியார் முன்னறைக்குத் திரும்பி வந்திருக்கிறார். அவருக்குக் கீழே மூலையில் வில் நிற்கிறது.

அந்தோனியாருக்கு முன்னால் இன்று மெழுகுதிரி இல்லை.

மாமா மாமி படத்தடியில் மூன்று எரிந்துகொண்டிருந்தன. சப்பாத்தைக் கழற்றாமல் அப்படியே நின்றேன். “கையைக் கழுவிக்கொண்டு வாங்கோ கஸ்பர், சாப்பிடுவம்” என்று குசினிக்குள்ளிருந்து பேர்ணடெற் கூப்பிட்டாள்.